பல்லும் கரையும்

எழுத்துகள் பிறக்கும் முறையை ஆராய்ந்த தொல்காப்பியர், தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டு இடங்களை எண்ணிக் கூறினார். அவ்வெட்டனுள் பல்லும் ஒன்றாக வைக்கப்பட்டமை நோக்கத்தக்கது. மேல்வாய்ப் பல்லின் அடியை நாவின் நுனி பரந்து ஒற்றும்போது தகரமும் நகரமும் பிறக்கின்றன. மேற்பல் கீழிதழோடு பொருந்தும்போது வகரம் பிறக்கின்றது. அம்மேற்பல்லை 'அண்பல்' என்னும் அழகிய சொல்லால் நன்னூலார் வழங்குவர். தமிழ் என்னும் நம் மொழியின் பெயரே அண்பல்லில் பிறக்கும் எழுத்தைத்தான் முதலாகக் கொண்டுள்ளது. 'பல் போனால் சொல் போச்சு' என்பது பழமொழி. இலக்கண நூலார் ஆராய்ந்து கண்ட உண்மையை எளிய மக்கள் தம் பட்டறிவால் கண்டு, நான்கே சொற்களில் அடக்கி வைத்தனர்.

முன்பற்களுக்குரிய பணிகள் மூன்று. உணவைக் கடித்துத் துணித்தல் ஒன்று; சொல்லைத் திருத்தமாக ஒலிக்கத் துணை செய்தல் ஒன்று; முகத்திற்குப் பொலிவு தருதல் ஒன்று. கடைவாய்ப் பல்லொன்றை இழந்தவர் அதனைப் பிறர் அறியாதவாறு நாள் கழித்தல் கூடும். முன்பல்லை இழந்தவர்க்கோ அஃது இயலாது. அவர் வாய்பொத்திச் சிரிப்பார். அவையில் பேச நாணுவார். வேலை நாடிச் சென்ற இடத்தும் வாய் திறக்கத் தயங்குவார். சிறியதோர் உறுப்பின் இழப்பு மனிதனின் ஊக்கத்தையே குன்றச் செய்துவிடுகின்றது. ஆதலின் இழந்த முன்பல்லின் இடத்தில் மற்றொன்றை நிலைபெறச் செய்யும் மருத்துவம், வெறும் அழகுக் கலை அன்று. வாழ்வுக்குத் துணையாகும் கலையாகும்.

பழுதுற்ற பல்லைக் களைந்த அன்றே, அப்பற்குழியிலேயே செயற்கை வேர் ஒன்றை நடுகின்ற முறை இக்காலத்தில் வழங்கி வருகின்றது. செயற்கை வேரை 'இம்பிளாண்ட்' என்று மருத்துவர் கூறுவர். அம்முறை எத்தகையது, அதனை எப்போது கைக்கொள்ளலாம், எப்போது கைக்கொள்ளலாகாது என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

முதலில் பல் நிற்கும் நிலத்தை அறிதல் வேண்டும். மரம் மண்ணில் வேரூன்றி நிற்பதுபோலப் பல் தாடையெலும்பில் வேரூன்றி நிற்கின்றது. ஆயினும் வேரும் எலும்பும் நேரே ஒட்டியிருப்பன அல்ல. அவற்றிற்கு இடையே நுண்ணிய நார்கள் பல உள்ளன. அந்நார்கள் பல்லைத் தாங்குகின்றன. கடிக்கும்போது உண்டாகும் அதிர்ச்சியைத் தணிக்கின்றன. அருகிலுள்ள எலும்புக்குக் குருதியையும் கொண்டு சேர்க்கின்றன. மேல்வாய் முன்பற்களின் உதட்டுப் பக்கத்தில் வேரை மூடி நிற்கும் எலும்புச்சுவர் மிக மெல்லியது. பெரும்பாலோர்க்கு அதன் பருமன் 1 மில்லிமீட்டர்கூட இராது. அண்ணத்தின் பக்கம் உள்ள சுவரோ தடித்தது, வலியது. இவ்விரு சுவர்களுக்கும் உள்ள வேற்றுமையே நாம் இங்குக் கூறப்போகும் மருத்துவம் முழுமைக்கும் அடிப்படையாகும்.

பல்லைப் பிடுங்கினால் நார்களும் அறுந்துபோகின்றன. நார்கள் அறவே, மெல்லிய சுவருக்குக் குருதி வரும் வழியும் குறைகின்றது. அதனால் அச்சுவர் சில வாரங்களில் கரையத் தொடங்குகின்றது. சுவர் கரையின் அதன்மேல் படர்ந்த ஈறும் தாழ்கின்றது. பல் இருந்த இடம் பள்ளமாகின்றது.

இந்நிகழ்ச்சியை வடசென்னை மாணவர் எளிதில் உணர்ந்துகொள்ளலாம். சென்னைக் கடற்கரையை ஒட்டி ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்த்திச் செல்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. அவை வடக்கே செல்லும் மணலைத் தடுத்தன. தெற்கே மெரினாக் கடற்கரை அகன்றது. வடக்கே இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளின் கரை அரிக்கப்பட்டது. வீடுகளையும் சாலையையும் காக்கப் பெரும் பாறைகளைக் கொட்டிச் சுவர் எழுப்பினர். கடலினுள் தூண்டில் வளைவுகளையும் அமைத்தனர். மணல் வரத்து நின்றால் கரை தேய்தல் போலவே, குருதி வரத்து நின்றால் எலும்புக் கரையும் தேய்கின்றது. பல் மருத்துவரின் முதற்கடன் பல்லை நடுதல் அன்று. இக்கரையைக் காத்தலே ஆகும்.

இழந்த பல்லுக்கு ஈடு தேடும் முயற்சி மிகப் பழமையானது. நடு அமெரிக்காவில் உள்ள ஒண்டுராசு நாட்டில் 1931 ஆம் ஆண்டு நிலத்தை அகழ்ந்த ஆராய்ச்சியாளர், ஏறக்குறைய 1,400 ஆண்டுகளுக்கு முற்பட்ட கீழ்த்தாடை ஒன்றைக் கண்டெடுத்தனர். அதில் மூன்று முன்பற்களின் இடத்தில் பல்வடிவாகச் செதுக்கிய கிளிஞ்சல் துண்டுகள் பதிக்கப்பட்டிருந்தன. பின்னர் எக்ஸ் கதிரால் அத்தாடையை ஆராய்ந்தபோது, கிளிஞ்சலைச் சுற்றி எலும்பு வளர்ந்திருந்தமை புலனாயிற்று. அம்மனிதன் உயிரோடு இருந்தபோதே அவை பதிக்கப்பட்டன என்று இதனால் அறிஞர் துணிந்தனர்.

ஆயினும் எலும்போடு உறுதியாகப் பொருந்தும் பொருள் யாது என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. விடை எதிர்பாராத வகையில் கிடைத்தது. சுவீடன் நாட்டு அறிஞர் பிரேனிமார்க் என்பவர், எலும்பினுள் குருதி ஓடும் முறையை 1952 ஆம் ஆண்டளவில் ஆராய்ந்துகொண்டிருந்தார். அதன்பொருட்டு டைட்டானியம் என்னும் உலோகத்தாலான சிறு கருவியை முயலின் கால் எலும்பில் பதித்தார். ஆராய்ச்சி முடிந்த பின்னர் அதனை எடுக்க முயன்றார், வரவில்லை. எலும்பு உலோகத்தோடு ஒன்றி வளர்ந்திருந்தது. பிறர் இடையூறு என்று எண்ணி ஒதுக்கியிருக்கக்கூடிய ஒன்றை அவர் வாய்ப்பாகக் கண்டார். 1965 ஆம் ஆண்டு முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் டைட்டானிய வேர்களை நட்டார். அம்மனிதர் 2006 ஆம் ஆண்டு இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்குமேல் அவை பயன்பட்டன.

டைட்டானியம் நமக்குத் தொலைவான பொருளும் அன்று. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருமணல் காணப்படுகின்றது. அதிலுள்ள இல்மனைட்டு என்னும் தாது டைட்டானியத்தைத் தன்னகத்தே கொண்டது. அலை ஒதுக்கிய மணலில் பல்லுக்கு வேராகும் உலோகம் மறைந்திருத்தல் வியப்பன்றோ?

பிரேனிமார்க் வகுத்த முறை பொறுமையை வேண்டுவது. முதலில் பல்லை எடுத்துப் புண் ஆறும்வரை பல மாதங்கள் காத்திருப்பர். பின்னர் வேரை நட்டு ஈற்றால் மூடி, கீழ்த்தாடையாயின் ஏறக்குறைய மூன்று மாதமும், மேல்தாடையாயின் ஆறு மாதமும் விட்டுவைப்பர். அதன் பின்னரே பல் பொருத்துவர். இம்முறை உறுதியானது, ஆயினும் நெடியது. காத்திருக்கும் காலத்திலோ எலும்புக் கரை தேய்கின்றது. 2003 ஆம் ஆண்டு வெளியான டென்மார்க்கு நாட்டு ஆய்வு ஒன்று, பின்வாய்ப் பற்களை எடுத்தபின் ஓராண்டில் கரையின் அகலம் ஏறக்குறையப் பாதியாகக் குறைவதையும், அக்குறைவில் மூன்றில் இரு பங்கு முதல் மூன்று மாதங்களிலேயே நேர்வதையும் காட்டிற்று. மெல்லிய சுவரையுடைய முன்பல்லின் இடத்திலும் இத்தேய்வு நேர்வதே.

'பல்லை எடுத்த அன்றே வேரை நட்டால் என்ன?' என்னும் வினா இதனால் எழுந்தது. செருமனி நாட்டு டூபிங்கன் நகரில் சுல்ட்டெ என்னும் மருத்துவர் 1970-களில் பீங்கானால் வேர் செய்து, புதிய பற்குழியிலேயே நட்டுப் பார்த்தார். பின்னர் வந்தோர் டைட்டானிய வேரைக் கொண்டு அம்முறையை வளர்த்தனர். உடனே நட்டால் எலும்பு தேயாது என்று முதலில் பலரும் நம்பினர். அந்நம்பிக்கை நிலைக்கவில்லை. 2004, 2005 ஆம் ஆண்டுகளில் இலிந்தே முதலிய அறிஞர் வெளியிட்ட ஆய்வுகள், வேரை உடனே நட்டாலும் உதட்டுப் பக்கச் சுவர் தேய்வதை மெய்ப்பித்தன. கரையில் கல்லை நட்டுவிட்டால் மட்டும் மணல் வந்துவிடாதன்றோ? அதுபோன்றதே இதுவும். உடனே நடுதல் போதாது. கரையைக் காக்கும் வகையில் நடுதல் வேண்டும். இன்றைய அறுவை முறைகள் யாவும் இவ்வறிவின் பயனாக எழுந்தவை.

அம்முறைகளை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். திருவொற்றியூரில் தொழிற்கூடம் ஒன்றில் பணிபுரியும் 25 வயது இளைஞனின் கையிலிருந்து ஸ்பேனர் நழுவி, அவனது மேல்முன்பல் ஒன்று ஈற்றுக்குக் கீழே வேரோடு முறிந்துவிட்டது என்று கொள்வோம். அதனைக் காக்க வழியில்லை என்று மருத்துவர் தெளிந்துவிட்டார். அவர் உடனே கருவியைக் கையில் எடுப்பதில்லை. முப்பரிமாணக் கதிர்ப்படம் எடுத்து நோக்குகின்றார். உதட்டுப் பக்கச் சுவர் முழுமையாக உள்ளதா? வேரின் நுனிக்கு அப்பால் திருகைப் பற்றிக்கொள்ளப் போதிய எலும்பு உண்டா? சீழ் உண்டா? ஈறு தடித்ததா, மெல்லியதா? இவ்வினாக்களுக்குக் கிடைக்கும் விடையே அவர் கைக்கொள்ளும் முறையை முடிவு செய்கின்றது.

சுவர் முழுமையாக இருப்பின், ஈற்றை அறுத்துத் திறவாமல் நடும் முறையை மருத்துவர் மேற்கொள்ளலாம். மரப்பு ஊசி போட்ட பின்னர், மெல்லிய அலகொன்றை வேருக்கும் எலும்புக்கும் இடையே செலுத்தி நார்களை மட்டும் அறுக்கின்றார். குறட்டால் பற்றி உதட்டுப் பக்கமாக ஆட்டினால் மெல்லிய சுவர் உடைந்துபோகும். ஆதலின் வேரை மெல்ல மெல்லத் தளர்த்தி வெளியே எடுக்கின்றார். ஈற்றைப் பிரிக்காமையால், அதன் வழியாகச் சுவருக்கு வரும் குருதி தடைப்படுவதில்லை. இதுவே இம்முறையின் சிறப்பு. எலும்பைக் கண்ணால் காண இயலாது, கைத்திறனையும் படத்தையும் நம்பியே செய்தல் வேண்டும் என்பது இதன் குறை.

அடுத்து வேருக்குத் துளையிடுகின்றார். பழைய பற்குழியின் போக்கிலேயே துளைத்தால் திருகு உதட்டுப் பக்கம் சாய்ந்து மெல்லிய சுவரை நெருக்கும். ஆதலின் வலிய அண்ணப் பக்கச் சுவரில் துளையைத் தொடங்கி, பழைய வேர்நுனிக்கு அப்பால் 3 அல்லது 4 மில்லிமீட்டர் ஆழம் செல்கின்றார். துளையிடும்போது குளிர்ந்த உப்புநீரை இடைவிடாது செலுத்துகின்றார். எலும்பின் வெப்பம் ஒரு நிமிட நேரம் 47 பாகை செல்சியசு அளவில் நின்றாலும் அவ்வெலும்பு கெடும் என்று 1983 ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியுள்ளது. லேத் பட்டறையில் இரும்பைக் கடைவோர் கருவி சூடேறாதவாறு குளிர்நீர் பாய்ச்சுவதை நம் பகுதி மாணவர் பலர் கண்டிருப்பர். அங்கே காப்பது கருவியை. இங்கே காப்பது உயிருள்ள எலும்பை.

புரிகள் அமைந்த திருகு எலும்பில் இறுகப் பற்றியபின், அதற்கும் உதட்டுப் பக்கச் சுவருக்கும் இடையே சிறு வெளி எஞ்சி நிற்கும். அதில் எலும்புத் துகளை நிரப்புவர். அரித்த கரையில் மணலைக் கொண்டுவந்து கொட்டிக் கரையை வளர்ப்பது போன்ற செயல் இது. ஈறு மெல்லியதாயின் அண்ணத்திலிருந்து சிறிது தசையை எடுத்து உள்ளே வைத்து அதனைத் தடிக்கச் செய்வதும் உண்டு. திருகு போதிய இறுக்கம் பெற்றிருப்பின், தற்காலிகப் பல் ஒன்றையும் அன்றே பொருத்துவர். ஆயினும் அப்பல் எதிர்ப்பல்லின்மேல் படாதவாறு சற்றுக் குறுக்கி வைப்பர்; அது காண்பதற்கே உரியது, கடிப்பதற்கு உரியது அன்று. எலும்பு திருகோடு ஒன்றுபடச் சில மாதங்கள் கழியும். அதன் பின்னரே நிலையான பல் அமைக்கப்பெறும்.

சுவரில் வெடிப்போ குறையோ இருப்பின், ஈற்றைத் திறந்து செய்யும் முறை பொருந்தும். இதில் மருத்துவர் ஈற்றை மடலாக விலக்கி, எலும்பை நேரே கண்டு, குறையுள்ள இடத்தில் துகளிட்டு, மெல்லிய படலத்தால் மூடித் தைக்கின்றார். காண்பது தெளிவு; ஆனால் ஈற்றைப் பிரித்தலால் குருதி வரத்துச் சிறிது குறையும். குறை பெரிதாயின், பல்லை மட்டும் எடுத்து, நான்கு முதல் எட்டு வாரங்கள் ஈறு ஆறவிட்டு, அதன் பின்னரே நடுவர். இவற்றின் வேறாய் மூன்றாவது முறை ஒன்றும் உண்டு. இயற்கை வேரை முழுவதும் எடுக்காமல், உதட்டுப் பக்கத்து மெல்லிய சீவல் ஒன்றை மட்டும் நாரோடு விட்டுவைத்து, அதன் பின்புறத்தில் செயற்கை வேரை நடுகின்றனர். நார் இருத்தலால் சுவர் தேய்வது குறையும் என்பது கருத்து. ஊர்ட்சலர் முதலியோர் 2010 ஆம் ஆண்டு இதனை விளக்கி எழுதினர். மிக்க பயிற்சி உடையோர்க்கே இது கைவரும்.

இனி, எவர்க்கு இம்முறை ஆகாது என்பதையும் அறிதல் வேண்டும். பற்குழியில் சீழ் மிகுந்தோர்க்கும், நீரிழிவு கட்டுக்குள் இல்லாதோர்க்கும் உடனே நடுதல் தீங்கு பயக்கலாம். புகைப்போர்க்கும் புகையிலையை வாயில் அடக்குவோர்க்கும் குருதியோட்டம் குன்றிப் புண் ஆறத் தாமதமாகும். நட்ட வேர் பற்றாமல் விழுதலும் நேரும். கடலிலும் துறைமுகத்திலும் இரவெல்லாம் உழைப்போர் அயர்வு நீங்கப் புகையிலையை நாடுவதுண்டு. அயர்வு நீங்குவது சிறிது பொழுது. வாய்க்கு வரும் கேடோ நெடுங்காலத்தது.

மாணவர்களே! வளரும் பருவத்தினர்க்கும் செயற்கை வேர் ஆகாது. உங்கள் தாடை இன்னும் வளர்கின்றது. இயற்கைப் பற்கள் நார்களின் துணையால் தாடையோடு சேர்ந்து இறங்கி இடம் பெயர்கின்றன. செயற்கை வேரோ எலும்போடு நேரே ஒன்றுபட்டு நட்ட இடத்திலேயே நின்றுவிடும். சில ஆண்டுகளில் அப்பல் மட்டும் மேலே தங்கிக் குட்டையாய்த் தோன்றும். ஆகவே வளர்ச்சி முடியும்வரை, கழற்றி மாட்டும் பல்லையோ அண்டைப் பற்களோடு ஒட்டவைக்கும் பல்லையோ கொண்டு காத்திருத்தல் வேண்டும்.

இதனினும் மேலானது, உள்ள பல்லைக் காத்தலே. விளையாட்டிலோ விபத்திலோ நிலைப்பல் ஒன்று முழுதாகக் கழன்று விழுந்தால் அதனை எறிந்துவிடாதீர்கள். வெண்மையான மேற்பகுதியைப் பிடித்து எடுங்கள், வேரைத் தொடாதீர்கள், தேய்த்துக் கழுவாதீர்கள். அழுக்கு இருப்பின் சிறிது பாலில் அலசி, குழியிலேயே மீண்டும் செருகி, தூய துணியைக் கடித்துப் பிடித்துக்கொண்டு மருத்துவரிடம் விரையுங்கள். செருக இயலாவிடின், சர்க்கரை கலவாத ஆறிய பாலில் இட்டு எடுத்துச் செல்லுங்கள். தேநீர்க் கடை இல்லாத தெரு வடசென்னையில் இல்லை; பாலுக்குப் பஞ்சமும் இல்லை. ஒரு மணி நேரத்திற்குள், இயன்றால் அதற்கும் முன்னர், பல் குழியை அடைதல் வேண்டும். வேரின்மேல் ஒட்டியுள்ள நார்கள் உயிரோடிருக்கும் காலம் அவ்வளவே. பால்பல்லை மட்டும் இவ்வாறு மீண்டும் செருகுதல் கூடாது. அடியில் வளரும் நிலைப்பல் கெடும்.

பொருள் வளம் இல்லையே என்று வாளா இருத்தலும் வேண்டா. 1782 ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ஏழைகட்குக் கஞ்சி வார்த்த அறத்தின் வழியில் வளர்ந்து, இன்றும் மக்கள் வாயில் 'கஞ்சித்தொட்டி ஆசுபத்திரி' என வழங்கும் ஸ்டான்லி மருத்துவமனை இராயபுரத்தை அடுத்தே உள்ளது. சென்னை மருத்துவக் கல்லூரியின் பல் மருத்துவப் பிரிவாக 1953 ஆம் ஆண்டு தோன்றிய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியும் கோட்டை இரயில் நிலையத்தின் அருகே உள்ளது. நோயுற்றபோது நாடுதற்கே அன்றி, நோய் வாராமல் காக்கும் வழியைக் கேட்டறிதற்கும் இவை நமக்கு உரியன.

விரைந்து செய்யத்தக்கதை விரைந்து செய்தலும், பொறுத்துச் செய்யத்தக்கதைப் பொறுத்துச் செய்தலும் அறிவுடையார் இயல்பு. விழுந்த பல்லை எடுத்துக்கொண்டு ஓடுதற்கு நொடியும் தாழ்த்தலாகாது. செயற்கை வேரை நடுதற்கோ, கரையின் நிலையை ஆராய்ந்த பின்னரே கை வைத்தல் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் வெண்பல்லைத் தாங்குவது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய எலும்புக் கரையே என்பதை உணர்ந்தோர், தம்மிடம் உள்ள பல்லை எளிதில் இழக்க ஒருப்படார்.